‘நோ பிளாக்கர்ஸ்’ பேர்வழி

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த ஐடி கம்பெனிக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். கிளையண்ட் இருக்கும் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் சென்னையில் மாலை 6.30. (நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்தால், இவர் வீட்டு இரவுச் சாப்பாடும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.) அப்போது தொடங்கும் தினசரி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் தன் முறை வந்ததும் மியூட்டை எடுப்பார். நேற்று இதைச் செய்தேன், இன்று அதைச் செய்வேன், ‘நோ பிளாக்கர்ஸ்’, அதாவது வேலைக்குத் தடை எதுவும் இல்லை. மறுபடி மியூட்.

அதற்குப் பிறகு பக்கத்து நாற்காலிக்குத் தமிழில் போவதுதான் அசல் ரிப்போர்ட்.

“மூணு நாளா டேட்டாபேஸ் ஆக்சஸ் வரல மச்சி. ஒரு தடவகூட ரன் பண்ணிப் பாக்கல.”

“அதச் சொல்ல வேண்டியதுதானே?”

“எதுக்கு வம்பு? அப்புறம் எஸ்கலேஷன்னு நாலு மேனேஜருக்கு சிசி போட்டு மெயில் வரும்.”

ஆக்சஸ் கொடுக்க வேண்டிய நியூயார்க் கிளையண்ட் அதே மீட்டிங்கில்தான் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. வாய் நிறைய ‘கிரேட் ஜாப்’ சொல்லிவிட்டு, மீட்டிங் முடிந்த கையோடு “நிஜமாவே வெள்ளிக்கிழமை முடியுமா?” என்று தனியாக மெசேஜ் அனுப்புவார். நம்மவர் “யெஸ், ஷ்யூர்” என்பார். இருவருக்கும் நம்பிக்கை கிடையாது, மரியாதைக்குக் குறைவில்லை.

இந்த ஸ்டாண்ட்-அப் எல்லாம் அஜைல் என்ற வேலை முறையின் சடங்கு. அதன் கொள்கை அறிக்கையை 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் கூடி 17 பேர் எழுதினார்கள். வேலையை நம்பி ஒப்படையுங்கள், முகம் பார்த்துப் பேசுவதே சிறந்த வழி என்பதெல்லாம் அதன் கோட்பாடுகளில் உண்டு. அன்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், சோழிங்கநல்லூரிலிருந்து யாரும் “ஆம் ஐ ஆடிபிள்?” என்று கேட்கவில்லை.

அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் கையேட்டில் 2016-இல் ஐந்து விழுமியங்களைச் சேர்த்தார்கள். துணிவு அவற்றில் ஒன்று. நம்மவர் மற்ற நான்கோடு நிறுத்திக்கொண்டார். நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற ஸ்டாண்ட்-அப்பின் அந்த மூன்று கேள்விகளை 2020 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். அந்தச் செய்தி இன்னும் இவர் தளத்துக்கு லிஃப்ட் ஏறி வரவில்லை.

இவரைப் பொய்யர் என்று சொல்ல மனம் வரவில்லை. ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு கூடுதல் என்பதல்ல, சொல்லப் பயமில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். அப்படிப் பார்த்தால், வேலைகளைப் பட்டியலிடும் ஜிரா போர்டு பிளாக்கரே இல்லாமல் இருப்பதைக் கண்டு மேனேஜர் பூரிப்பதைவிட பயப்படுவதுதான் நியாயம்.

எப்போதாவது கிளையண்ட் சென்னைக்கே வருவார். மாலை, சந்தனம், குரூப் போட்டோ, வாழையிலைச் சாப்பாடு. ரசம் ஊற்றும் நேரத்தில் நம்மவர் மெல்ல ஆரம்பிப்பார்: “ஆக்சுவலி, ஒன் ஸ்மால் இஷ்யூ...” மூன்று மாதக் கதை பாயசம் வருவதற்குள் வெளியே வந்துவிடும். ஊர் திரும்பியவர் வீடியோ காலில் மறுபடி சின்னக் கட்டமாகச் சுருங்கியதும் பழைய பல்லவிதான்.

மேனேஜர் ஐயா, நாளை ஸ்டாண்ட்-அப்பில் முதல் ஆளாக உங்கள் பிளாக்கரைச் சொல்லுங்கள். அப்படியே மெயிலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆக்சஸ் கேட்டு நம்மவர் போட்ட டிக்கெட் உங்கள் அப்ரூவலுக்குத்தான் காத்திருக்கிறது.