பெஞ்சு ஆர்.டி.ஓ.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பனிக்காலம் தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வானிலை அறிக்கை வேண்டியதில்லை. புறவழிச்சாலை ஓரத்து டீக்கடை பெஞ்சில் குரங்குக் குல்லா போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டாரா என்று பார்த்தால் போதும். கார்த்திகை தீபம் முடிந்த கையோடு வருவார். மாசி பிறக்கும்வரை அசையமாட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே 20 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருக்கும், அவ்வளவுதான். சியாச்சினில் காவல் நிற்பவருக்குக்கூட இத்தனை துணி கொடுக்கமாட்டார்கள்: குல்லா, அதன்மேல் மஃப்ளர், அதன்மேல் துண்டு, எல்லாவற்றுக்கும் மேல் மகள் வாங்கிக்கொடுத்த சால்வை. இடுப்புக்குக் கீழே மடித்துக் கட்டிய வேட்டியும் ரப்பர் செருப்பும் மட்டும். குளிர் மேலிருந்துதான் இறங்கும் என்பது அவர் கட்சி.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து வருகிற வண்டி எது என்று, அது வந்து சேருவதற்கு முன்பே சொல்வது அவர் வேலை. யாரும் கேட்பதில்லை. கேட்காமலே செய்வதால்தான் அதற்குச் சேவை என்று பெயர்.

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. சின்னசேலத்தில் இருப்பவர் ஓய்வுபெற்ற கண்டக்டராக இருக்கலாம். தியாகதுருகத்தில் இருப்பவர் ஒரு காலத்தில் பழைய கார் புரோக்கராக இருந்தவராகவும், எலவனாசூர்கோட்டைக்காரர் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். ஒரு தகுதி மட்டும் எல்லோருக்கும் பொது. யாரிடமும் கார் இருக்காது. ஒரு டிவிஎஸ் 50 இருக்கும், அதுவும் பெஞ்சுக்குப் பின்னால் சாய்ந்தபடி. கார் வைத்திருப்பவருக்கு இந்தப் பதவி கிடைக்காது. தன் வண்டியில் எங்கிருந்து என்ன சத்தம் வருகிறது என்பதிலேயே அவர் காது தீர்ந்துபோகும்.

பெஞ்சுக்கு எதிரே ஓடுவது சேலம்–உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை. அரசாங்கம் 79 என்று எண் மாற்றிப் பல வருடங்கள் ஆயின. பெஞ்சு இன்னும் 68 என்றுதான் சொல்லும். சென்னையிலிருந்து சேலத்துக்கும் கோவைக்கும் போகிற ஆம்னி பஸ்கள், நாமக்கல் டேங்கர்கள், சேகோ ஆலைக்கு மரவள்ளி ஏற்றிப்போகும் லாரிகள், மேல்மருவத்தூருக்குச் செவ்வாடையோடு ஒரு பஸ், சபரிமலைக்குக் கறுப்பு வேட்டியோடு ஒரு வேன் என்று மார்கழி விடியலில் தமிழ்நாட்டில் பாதி இந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கும். ஆனால் ஒன்றும் தெரியாது. அதுதான் நம்மவருக்கு வசதி.

“அதோ வருது பாரு, பொலிரோ.”

எனக்குத் தெரிவது வெறும் வெள்ளை. அதற்குள் இரண்டு மஞ்சள் கறை.

“எப்படிண்ணா சொல்றீங்க?”

“லைட்டோட உயரத்தைப் பாருப்பா. கார்னா முழங்கால் உயரத்துல வரும். பொலிரோன்னா இடுப்பு. லாரின்னா நெஞ்சு.”

மஞ்சள் கறை நெருங்கி வந்து டாடா ஏஸ் ஆனது. பால் கேன்களோடு குலுங்கிக்கொண்டு எங்களைக் கடந்தும் போனது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

“பொலிரோ சர்வீஸ் ரோட்டுல இறங்கிருச்சு. இது அதுக்குப் பின்னால வந்தது.”

மூட்டத்துக்குள் சாட்சிக்கு எங்கே போவது? சித்திரை வெயிலில் இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவரால் பெஞ்சில் உட்கார முடியாது. பார்வை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அவர் பேச்சு உறுதிப்படும். ஐம்பது அடிக்குமேல் தெரியாத நாட்களில் மாடலோடு வருடத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.

மூட்டத்தை அளக்க அவரிடம் தனி அளவுகோல் இருக்கிறது. வானிலைத் துறையின் கணக்குப்படி ஆயிரம் மீட்டருக்குள் பார்வை குறைந்தால் மூடுபனி, 200 மீட்டருக்குள் என்றால் அடர்ந்தது, 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்தது. பெஞ்சுக் கணக்கு இன்னும் எளிது. எதிர்ப்பக்கத்துப் பஞ்சர் கடை தெரிந்தால் சாதா. நடுத்திட்டு அரளிச்செடி மட்டும் தெரிந்தால் கனம். கையில் இருக்கிற கிளாஸே தெரியவில்லை என்றால் லீவு. முன்பெல்லாம் புளியமரத்தை எண்ணித்தான் சொல்வாராம். நாலுவழிச்சாலை வந்து மரங்கள் போனதில் வேறு யாருக்கு இல்லாவிட்டாலும் இவருக்கு அளவுகோல் நஷ்டம்.

மூட்டம் ஏன் விழுகிறது என்பதற்கும் விளக்கம் வைத்திருப்பார். “கல்வராயன் மலை மூச்சு விடுதுப்பா” என்று தொடங்குவார். உண்மையில் அது மலையின் மூச்சு அல்ல, தரையின் மூச்சு. வடகிழக்குப் பருவமழை நனைத்துவிட்டுப் போன வயல், மேகம் இல்லாத இரவு வானம், அசையாத காற்று. மூன்றும் சேர்ந்தால் மண் தன் சூட்டை வேகமாக விட்டுவிடும். மண்ணை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து திவலையாகிவிடும். கோமுகி அணைப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் நிற்கிற கச்சிராயபாளையம் சாலையில் அது தடிமனாகப் படுத்துக்கிடக்கும். வெயில் ஏறி எட்டு, எட்டரை ஆனால்தான் எழுந்து போகும்.

அவர் சொல்வதெல்லாம் கதை என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு விஷயங்களில் அவர் விளையாடமாட்டார். ஒன்று, ஒற்றை லைட். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குகளில் லைட் தானாக எரியும். ஆகவே ஒரு லைட் வந்தால் பைக் என்று புதிய தலைமுறை நினைக்கிறது. ஒரு கண் போன லாரியும் அதே மாதிரிதான் வரும் என்பது பழைய தலைமுறைக்குத்தான் தெரியும். “ஒத்தை லைட்டு வந்தா லாரின்னே நினைச்சு ஒதுங்கு. பைக்கா இருந்தா உனக்கென்ன நஷ்டம்?” என்பார். வண்டியின் பெயரைச் சொல்ல அவர் மறுக்கும் ஒரே இடம் இதுதான்.

இன்னொன்று, கரும்பு டிராக்டர். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளில் அரவை நடக்கிற காலமும் மூட்டம் விழுகிற காலமும் ஒன்றாக அமைந்தது யார் செய்த ஏற்பாடோ தெரியவில்லை. இரட்டை டிரெய்லரில் கரும்பு பக்கவாட்டில் இரண்டு முழம் பிதுங்கி நிற்கும். பின்னால் சிவப்பு விளக்கு இருந்த இடத்தில் அதற்கான ஓட்டை இருக்கும். டீ குடிக்க நிறுத்துகிற டிராக்டர்காரரை அவர் சும்மா விடுவதில்லை. “ஏம்ப்பா, பின்னாடி வர்றவனுக்கு ஜோசியம் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் ஆணியில் தொங்கவிட்டிருக்கும் பழைய சினிமா சிடிகளில் ஒன்றைக் கழற்றிக் கரும்புக் கட்டில் சணலால் கட்டிவிடுவார். யாரும் பார்க்காத படமெல்லாம் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏழு மணிக்கு மூட்டம் கொஞ்சம் இளகினால் நம்பர் பிளேட் பாடம் ஆரம்பம். நத்தக்கரை சுங்கச்சாவடியில் ஒரு மிஷின், வீரசோழபுரம் சுங்கச்சாவடியில் ஒரு மிஷின், நடுவே இவர். மிஷின் காசு பிடிக்கும். இவர் குணம் பிடிப்பார். டிஎன் 15 என்றால் நம்ம பிள்ளை, தப்பாக ஓட்டினாலும் அவசரமாக இருக்கும். டிஎன் 77 ஆத்தூர், சந்தைக்குப் போகிறான். டிஎன் 07, டிஎன் 09 என்று சென்னை வண்டிகள் வரிசை கட்டினால் பொங்கல் லீவு விட்டாயிற்று. இண்டிகேட்டர் போடுவான், ஆனால் எங்கே டீ கிடைக்கும் என்று தெரியாது. எண்ணுக்குப் பிறகு ‘ஜி’ எழுத்து வந்தால் அரசாங்க ஜீப், காலை மடக்கி உட்கார்; ‘என்’ வந்தால் அரசு பஸ், பழையபடி நீட்டிக்கொள். 2021-இல் ‘பிஎச்’ வரிசை வந்தபோது கொஞ்சநாள் அவர் பேச்சே சுரத்தில்லாமல் இருந்தது. நம்பரைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாத வண்டி அவர் கணக்கில் அநாதை.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஆலோசனை இலவசம். “டிஎன் 31, பிஒய் 01 ரெண்டும் வேணாம். கடல் காத்து, கதவுக்கு அடியில துரு ஏறியிருக்கும். டிஎன் 43 வேணாம். ஊட்டி ஏறி இறங்கி கிளட்ச் தேஞ்சிருக்கும்.” இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் விற்கிற வண்டியாக இருக்கும்.

மான்ட்ரியலில் வேலை பார்க்கும் அக்கா மகன் வீடியோவில் கூப்பிடுவான். அங்கே அவனுக்குச் சாயந்தரம், மைனஸ் 15. “இங்க டிசம்பர் 1-லேருந்து மார்ச் 15 வரைக்கும் பனி டயர் போடலைன்னா அபராதம் மாமா. ரோடு பூரா உப்பைக் கொட்டி வச்சிருக்கான். எந்தக் காரைப் பார்த்தாலும் ஒரே சாம்பல் கலர். நல்ல ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கறவன் எல்லாம் நவம்பர்லயே ஷெட்டுல விட்டுப் பூட்டிட்டான்.” பெஞ்சு ஆர்.டி.ஓ. யோசித்தார். அங்கே குளிர்காலத்தில் பார்க்கக் காரும் இல்லை, நம்பர் பிளேட்டும் பனியில் மூடியிருக்கும், அதற்கு மேல் உப்பு. “அப்ப அங்க எல்லா வண்டியும் டிஎன் 31-தான்” என்று தீர்ப்புச் சொல்லி போனை வைத்துவிட்டார். டெல்லிப் பக்கம் யமுனா விரைவுச்சாலையில் மூட்டத்துக்காக இரண்டு மாதம் கார் வேகத்தை 100-லிருந்து 75-க்குக் குறைக்கிறார்களாமே என்று ஒருநாள் கேட்டேன். 75-இல் போனால்கூட என்ன வண்டி என்று சொல்லிவிடலாம் என்றார். நான் கேட்டது அதுவல்ல.

காணும் பொங்கலன்று மருமகன் காரில் குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குப் புறப்படுவார். மருமகன் பெங்களூர், கேஏ 53. முன்சீட்டு மாமனாருக்கு. கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணை வருவதற்குள் கண்ணாடி உள்பக்கம் மங்கிவிடும். ஐந்து பேர் மூச்சு, போதாததற்கு ஒரு தூக்கு சாம்பார்.

“மாப்ள, ஏசியைப் போடுங்க.”

“குளிரும் மாமா.”

“குளுந்தாத்தான் கண்ணாடி தெளியும். காத்துல இருக்கற ஈரத்தை அது இழுத்துக்கும்.”

சரியான பேச்சு. மருமகன் முகத்திலேயே மரியாதை தெரிந்தது. அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

“அப்படியே லைட்டை ஹைபீம்ல போட்டு, நாலு இண்டிகேட்டரையும் அடிக்க விடுங்க மாப்ள.”

ஹைபீம் போட்டால் திவலைகளில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்ந்த விளக்குதான் மூட்டத்துக்கு ஏற்றது. நாலு இண்டிகேட்டரும் அடித்துக்கொண்டு ஓடினால் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருகிறவனுக்குப் புரியாது. மருமகனுக்கு இது தெரியும். “சரிங்க மாமா” என்று தலையாட்டிவிட்டு எதையும் தொடவில்லை. நல்ல மருமகன்.

வெள்ளிமலைக்கு ஏறும்போது நம்மவரின் சாஸ்திரம் ஒவ்வொரு வளைவாகக் கழன்று விழுந்தது. 2,000 முதல் 3,000 அடி உயரம்தான். ஆனால் இங்கே இருப்பது தரையில் படுத்த மூட்டமில்லை, தவழ்ந்து வருகிற மேகம். எட்டரைக்கு எழுந்து போகிற வழக்கம் அதற்கில்லை. மத்தியானம் பளிச்சென்று இருந்துவிட்டு நாலு மணிக்குத் திடீரென்று வரும். லைட்டின் உயரமும் உதவவில்லை; மேட்டில் வருகிற மாருதியின் லைட் தலைக்கு மேலேயும் பள்ளத்தில் வருகிற லாரியின் லைட் காலுக்குக் கீழேயும் தெரிகிறது. அவர் சொன்ன பஸ் பைக்காக வந்தது. அவர் சொன்ன பைக் வரவே இல்லை.

கரியாலூரில் படகுத்துறைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு ஜீப் டிரைவர் நின்றிருந்தார், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். குல்லா கிடையாது. சட்டையில் மேல் பொத்தான்கூடப் போடவில்லை. கிளாஸை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

“பிக்கப்பு ஒண்ணு ஏறுதுங்க. மரவள்ளி மூட்டையா இருக்கும், பாரம் இருக்குது. ரெண்டு வளைவு கீழ நிக்கறான். மேலேருந்து எதுவோ இறங்கறான் போல, ஏர்றவனுக்கு வழி விடலை.”

யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. டீ முடிந்தது. காசு கொடுத்தாயிற்று. மேகத்தைக் கிழித்துக்கொண்டு பொலிரோ பிக்கப் ஒன்று வந்தது, மேலே மூட்டைகள். டிரைவர் இறங்கியதும் இறங்காததுமாக, மலை ரோட்டில் ஏறுகிறவனுக்கு வழிவிடத் தெரியாத டூரிஸ்ட்டுகளின் வம்சத்தை விசாரிக்க ஆரம்பித்தார். நம்மவர் குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். அதன் பிறகு இறங்கி வருகிறவரை காரில் பேச்சில்லை. மகள் இரண்டு தரம் உடம்புக்கு என்னப்பா என்று கேட்டாள்.

மறுநாள் காலை பெஞ்சில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“லைட்டைப் பார்த்துச் சொல்றதெல்லாம் சின்னப் பசங்க வேலைப்பா. சத்தம். சத்தத்தை வச்சே சொல்லிடலாம். நான் ரொம்ப நாளா அப்படித்தான்.”

இந்தப் புதிய படிப்பும் சுலபமாக இல்லை. 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 இன்ஜின்கள் முன்னைப்போல இருமுவதில்லை. பச்சை நம்பர் பிளேட் மாட்டிய மின்சார வண்டிகள் பக்கத்தில் வரும்வரை மூச்சுக்கூட விடுவதில்லை. அப்படி ஒன்று கண்ணை மூடியிருந்தவரின் முழங்காலுக்கு அருகே வந்து நின்று, “சேலத்துக்கு இப்படியே போலாங்களா?” என்று கேட்டபோது கையிலிருந்த டீயில் பாதி சால்வைக்குப் போனது. “சத்தம் போடாம வர்றது வண்டியா, திருடனா?” என்று அவர் கேட்டதற்குச் சேலத்துக்காரரிடம் பதில் இல்லை.

மாசி பிறந்தால் மூட்டம் கலைந்துவிடும். ஆறரை மணிக்கே சாலை நெடுகத் தெரியும். பள்ளிக்கூடப் பையன்கூட வண்டியின் பெயரைப் படித்துவிடுவான். பெஞ்சு காலியாகிவிடும். பங்குனியில் கிணறுகள் வற்றி, திருச்செங்கோட்டிலிருந்து டிஎன் 34 ரிக் வண்டிகள் வந்து இறங்குகிறபோது அவரை மறுபடி பார்க்கலாம். யாருடைய கொல்லையிலாவது, குடை பிடித்தபடி, பறக்கிற புழுதிக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருப்பார். எழுநூறு அடி ஓடி வெறும் மாவாக வந்துகொண்டிருக்கும். கொல்லைக்காரர் தலையில் கைவைத்திருப்பார்.

“இன்னும் அம்பது அடி விடச் சொல்லுப்பா. சத்தம் மாறுது, கேக்கலை?”