இளவரசி கூப்பிடல, நீயாத்தான் போற!

வாடா பேராண்டி, உக்காரு. லெடாங் மலை ஏறப் போறியாம்ல, உங்கம்மா சொன்னா. காலையில ஏறி பொழுது சாயறதுக்குள்ள எறங்கணுமாம், வழி காட்ட ஆளும் வராராம். ரொம்பச் சந்தோசம். உன் பாட்டி விடியுமுன்ன நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு இந்த மந்தின் மேட்டுல பால்மரம் வெட்ட ஏறினா. அதுக்குத் தோட்டத்துல சம்பளம் குடுத்தாங்க. நீ காசு குடுத்துட்டு ஏறுற. நம்ம குடும்பம் முன்னேறிடுச்சுடா!

ஒரு மாசமா கைப்பேசியில மலையேத்தப் படமாப் பாத்துத் தயாராகுறியாம். கண்ணு நல்லாப் பழகியிருக்கும். காலுக்கும் ஒருவாட்டி போட்டுக் காட்டு. நீ ஆபீஸ்ல மூணாவது மாடிக்கு லிப்ட்ல போற ஆளு. தைப்பூசத்துக்குப் பத்துமலையில 272 படி ஏறினதுக்கே ரெண்டு நாள் தைலம் தேச்சியே, மறந்துட்டியா? லெடாங் 1,276 மீட்டர்டா. படி கட்டி, கைப்பிடி வச்சு, நடுவுல இளநீர் விக்கிற எடமில்ல அது. வேரு, பாறை, கயிறு, இரும்பு ஏணி.

அதனால மொதல்ல உலு பெண்டுல் பக்கம் அங்சி மலைக்குப் போ, 825 மீட்டர். அது ஒத்துக்கிட்டா ரெம்பாவ் டத்தோ மலை, 885 மீட்டர். உச்சிப் பாறையில ஏணி வச்சிருக்கான், தலை சுத்துதான்னு அங்கயே தெரிஞ்சுக்கலாம். அப்புறம் லெடாங்குக்குப் போ. ரெண்டும் நம்ம நெகிரி செம்பிலான்லயே இருக்கு. ஆனா உனக்குப் பக்கத்துல இருக்கிறது கண்ணுக்குத் தெரியாதே!

அப்புறம் அந்தச் சப்பாத்து. நானூறு வெள்ளியாம்! பாசார்ல தொங்குதே கறுப்பு ரப்பர் சப்பாத்து, 'அடிடாஸ் கம்போங்'னு கிண்டலாச் சொல்லுவாங்களே, அதைப் போட்டுக்கிட்டுத்தான் நாங்க சேறும் சரிவுமா ஓடினோம். கினபாலு மலையில மூட்டை தூக்குறவங்க காலுலயும் அதுதான். நீ வாங்கினதையே போட்டுக்க, வேணாங்கல. ஆனா பொட்டியை மலையடியில பிரிக்காத. ரெண்டு வாரம் போட்டு நட. கால் நகத்தை ஒட்ட வெட்டு, இல்லேன்னா எறங்கையில நகம் கறுத்து, அதுவே கழண்டு விழும்.

ஏறுறதுக்கு மூச்சு போதும், எறங்கத்தான் முட்டி வேணும். நாங்க தோள்ல காண்டாக் கம்பை வச்சு, ரெண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுச் சரிவுல எறங்குவோம். சிந்தினா கங்காணி வாயில விழணும். அதனால முட்டியைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன எட்டா வச்சு, பாதத்தைப் பக்கவாட்டுல ஊனி வருவோம். நீயும் தோள்ல வாளி இருக்குன்னு நெனச்சுக்கிட்டு எறங்கு.

அந்த லெடாங் மலை இளவரசி கதை தெரியுமா? மலாக்கா சுல்தான் பொண்ணு கேட்டு ஆளனுப்பினார். தங்கத்துல ஒரு பாலம், வெள்ளியில ஒரு பாலம், ஏழு தட்டு கொசு ஈரல்னு அவ அடுக்கிக்கிட்டே போனா. கடைசியா ராசா ரத்தம் ஒரு கிண்ணம் வேணும்னுட்டா. அவரு குடுக்கல. அந்தப் பாக்கியை இன்னிக்கும் அங்க அட்டைங்க வசூல் பண்ணுது. நீளக் காலுறை போடு, சப்பாத்து ஓரத்துல புகையிலைத் தண்ணியைத் தடவு. ரெண்டு மூணு லிட்டர் தண்ணி தூக்கிக்க. ஓடைத் தண்ணி பளிங்கு மாதிரிதான் இருக்கும். எலி மூத்திரக் காய்ச்சல் கண்ணுக்குத் தெரியாதுடா. கொண்டு போற சாமானை வாசல்லயே எழுதி வாங்கி, வந்ததும் எண்ணிப் பாப்பாங்க. மிட்டாய்த் தாளைக்கூட பையிலயே வச்சுக்க.

நெத்தி விளக்கும் எடுத்துக்க. எதுக்கு, பகல்தானேன்னு கேக்காத. காட்டுக்குள்ள ஆறு மணிக்கே கண்ணு கட்டிடும். வெயில் ஏறினா பால் ஓடாதுன்னு நாங்க கருக்கல்லயே மரத்தடியில நின்னோம். மலைக்கும் அதே கணக்குதான். மத்தியானத்துக்கு மேல மழையும் இடியும் வரும், பாறை வழுக்கும்.

இப்ப வழி காட்டக் கூட வராரே மலிம் குனோங், அவரு விசயம். நீ படம் புடிக்க நிக்கிற எடத்துல மூட்டை தூக்க வந்த ஆளுன்னு நெனச்சிடாத. 2015 ஜூன் 5 காலையில சபாவுல பூமி குலுங்கிச்சே, கினபாலுவுல பாறை உருண்டு 18 பேர் செத்தாங்க. அதுல வழிகாட்டிங்களும் உண்டு. மேல மாட்டிக்கிட்ட நூத்துக்கும் மேல பேரை எறக்கிக் கொண்டாந்ததுல பெரும்பங்கு அந்த மலைக்காரங்களுக்குத்தான். அதனால அவரு "போதும் தம்பி, திரும்பு"ன்னா, "இன்னும் கொஞ்ச தூரந்தானே அண்ணே"ன்னு இழுக்காத.

வெக்கமா இருக்குமா? சுல்தான் அனுப்பின கூட்டத்துல ஹங் துவாவும் இருந்தாரு. அவ்வளவு பெரிய வீரன், வயசாயிடுச்சு, ஏற முடியலைன்னு பாதி வழியிலயே நின்னுட்டாரு. துன் மாமட்தான் மேல போனாரு. ஆனா ஊரு இன்னிக்கும் ஹங் துவா பேரைத்தான் சொல்லுது. துன் மாமட் யாருன்னு உங்கிட்ட கேட்டா முழிப்ப.

உச்சியில எடுத்த படத்தை எல்லாருக்கும் காட்டு, எனக்கு வேணாம். மரத்தடியில வாளி நெறஞ்சதுக்கு எங்களுக்கு யாரும் சம்பளம் போடல, ஸ்டோருக்குக் கொண்டாந்து நிறுத்த பாலுக்குத்தான் போட்டாங்க. அன்னிக்கு ராத்திரி நம்ம வீட்டு வாசப்படியை முனகாம ஏறி வா. நீ மலை ஏறினேன்னு அப்ப ஒத்துக்கிறேன்.