கதை நாலு பக்கம், கடுதாசி ஆறு பக்கம்

ஏலே தம்பி, இங்கே வா. பத்திரிகைக்குக் கதை அனுப்பப் போறேன்னியே, காட்டு பாப்போம். நாலு பக்கம். சரி. கூட என்னலே இது? ஆசிரியருக்குக் கடுதாசியா? ஆறு பக்கமா!

'என் படைப்பின் அடியாழத்தில் ஓடும் இருத்தலியல் பதற்றத்தைத் தாங்கள் இனங்காண்பீர்கள்...' அடேயப்பா! அந்தப் பதற்றம் கதையிலேயே தெரிஞ்சா இந்தக் கடுதாசி எதுக்கு? தெரியலைன்னாலும் இந்தக் கடுதாசி எதுக்கு?

திருப்பி அனுப்ப உன் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டின கவர் வச்சியா? வைக்கலை. இருத்தலியல் இருக்கு, ஸ்டாம்பு இல்லை.

கடுதாசிக்கு ஜெராக்ஸ் வேற எடுத்திருக்கே. எதுக்குலே? பின்னால கடிதத் தொகுதி போடவா? வெளங்கும்!

நம்ம கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல் இருக்குல்ல, அந்த ஊர்ச் சேக்காளிக ரெண்டு பேரு, கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். ரெண்டு பேரும் எழுத்தாளருக. அழகிரிசாமி பட்டணத்துக்குப் போயி 'சக்தி' பத்திரிகையில வேலை பாத்தாரு. 1952ல மலாயாவுக்குப் போயி 'தமிழ் நேசன்' பத்திரிகையில சேந்தாரு. ராஜநாராயணன் ஊரோட சம்சாரி. ரெண்டு பேருக்கும் சங்கீதப் பைத்தியம். கடுதாசி போகும், வரும். அழகிரிசாமி எழுதின கடுதாசிகளை ராஜநாராயணன் பத்திரமா வச்சிருந்து பிற்பாடு புத்தகமாப் போட்டாரு, 'கு. அழகிரிசாமி கடிதங்கள்'னு. நல்லாக் கவனிச்சுக்கோ. பத்திரப்படுத்தினது வாங்கினவரு. எழுதினவரு இல்லை. ஜெராக்ஸும் இல்லை.

சேக்காளி பத்திரிகையில இருக்கானேன்னு ராஜநாராயணன் பறந்தாரா? 1958ல 'சரஸ்வதி' பத்திரிகையில அவரோட 'மாயமான்' கதை வந்தப்போ அவருக்கு வயசு முப்பத்தஞ்சை ஒட்டி ஆச்சு. நீ என்னன்னா போன கதையைத் தபால்ல போட்ட மறுநாளே 'கிடைத்ததா ஐயா'ன்னு வாட்சப்பு! நீலக் கோடு ரெண்டு விழுந்தும் பதில் வரலைன்னு உனக்குச் சோறு இறங்கலை. உங்க அம்மா வந்து எங்கிட்ட ஒரே பொலம்பல். 'வருந்துகிறோம்'னு அச்சடிச்ச துண்டுச்சீட்டு வந்தா உன்னை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக?

சரி, பேனாவை எடு. கதைப் பேரு, உன் பேரு, விலாசம், செல் நம்பர். எழுதிட்டியா? கடுதாசி முடிஞ்சது.

இந்த ஆறு பக்கத்தை என்ன செய்யவா? கிழிச்சிராதே. மூணாம் பக்கத்துல பாரு, உங்க அம்மா கறவை மாட்டை வித்து உனக்கு லேப்டாப் வாங்கித் தந்ததை ரெண்டே வரியில எழுதிட்டு ஓடியிருக்கே. மாட்டை ஓட்டிட்டுப் போனவன் கயித்துக்குத் தனியா காசு கேட்டானே, ஞாபகம் இருக்கா? அதை எழுதுலே.