டைகருக்கும் விரதம்

எங்கள் ராணிக்கு வளையல் ஒன்றுதான் போடவில்லை. மற்ற சீராட்டெல்லாம் குறைவில்லாமல் நடந்தது. மாமியார் முருங்கைக்கீரையை அவித்துச் சோற்றோடு பிசைந்து வைத்தார். மனைவி என் பழைய கைலிகளை (அவற்றில் இரண்டு புதியவை) விரித்து, பின்பக்க ஸ்டோரைப் பிரசவ அறை ஆக்கினாள். என் பங்குக்கு நான் குட்டிகளுக்கு ஆள் பிடித்தேன். சுங்கை பாக்காப்பில் அது பெரிய வேலை இல்லை. காலையில் தே தாரிக் குடிக்கும்போது ஒருவர் காதில் போட்டால் மாலைக்குள் நிபோங் திபால் வரை போய்ச் சேர்ந்துவிடும். பிறக்காத குட்டிகளுக்குப் பதினோரு பேர் சொல்லிவைத்திருந்தார்கள். ஒருவர் ஐம்பது வெள்ளி முன்பணமும் கொடுத்தார். அதில் நான் மோட்டாருக்கு டயர் மாற்றிவிட்டேன்.

நாய்க்கு 63 நாள் கணக்கு. 63 வந்தது, போனது. 70ம் போனது. ராணி கைலிகளைப் பிறாண்டிக் குழி பறித்தாள். மடி கனத்துப் பால்கூடக் கட்டியது. குட்டி மட்டும் வரவில்லை.

தாமானே கூடித் தீர்ப்புச் சொன்னது. "கண்ணு பட்டிருச்சு" என்றார் எதிர்வீட்டு அக்கா. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்து ஆள் ஒருவர் வயிற்றில் பூச்சி என்றார். கடைசியில் எல்லாரும் வழக்கமான இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்: "பொட்டைகிட்டதான் கோளாறு." எத்தனையோ மருமகள்களுக்குச் சொல்லிப் பழகிய வாக்கியம். நாய்க்கு என்று ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

என் இளைய மகன் அறிவியல் மாணவன். மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் குச்சி ஒன்று வாங்கி வந்து, மைலோ டின் மூடியோடு ராணியின் பின்னால் ஒரு மணி நேரம் அலைந்தான். ஒரு கோடுதான் விழுந்தது. "போன மாசம் வாங்கியிருக்கணும்" என்றான், ராணியோடு சேர்த்த டைகரின் குட்டிகள் பழசாகிவிட்டதுபோல.

புக்கிட் மெர்தாஜாமில் மிருக டாக்டரிடம் கொண்டுபோனோம். சின்ன வயசு, தமிழ்ப் பெண். குச்சிக் கதையைக் கேட்டுச் சிரித்தார். அது தேடுவது மனிதக் கரு உண்டாக்கும் ஒரு ஹார்மோனை. நாய்க்கு அது சுரப்பதே இல்லை. வயிற்றில் பத்துக் குட்டி இருந்தாலும் ஒரு கோடுதான். நாய்க்கு 25 நாளுக்கு மேல் ஸ்கேன் பார்க்கலாம், ஒரு மாதம் ஆனால் ரத்தத்தில் ரிலாக்சின் என்ற ஹார்மோனைப் பார்க்கலாம். ராணியை ஸ்கேன் செய்தார். கருப்பை காலி. கட்டியோ சீழோ ஒன்றும் இல்லை.

"எந்த நாள்ல சேர்த்தீங்க?" என்று கேட்டார். தேதி வைத்த கதையைச் சொல்லவேண்டி வந்தது.

ராணி ஹீட்டுக்கு வந்தபின் ரத்தத் துளியை நான் பார்த்த நாளை முதல் நாள் என்று வைத்தோம். 11ம் நாள் ஒரு தடவை, 13ம் நாள் ஒரு தடவை என்பது டைகரின் முதலாளி அண்ணனின் சூத்திரம். எண்ணிப் பார்த்தால் 11ம் நாள் தைப்பூசம். அண்ணன் பினாங்கு தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறவர்.

"தம்பி, நான் மாலை போட்டிருக்கேன். நம்ம வீட்டுல இந்த வேலையெல்லாம் இப்ப ஆவாது."

"மாலை போட்டது நீங்கதானேண்ணே. டைகர் போடலையே?"

"அவனும் சைவந்தான் சாப்பிடுறான்."

அதற்குமேல் என்ன பேசுவது? காவடி முடிந்து, மூன்றாம் நாள் இடும்பன் பூசையும் முடிந்துதான் மாலை இறங்கியது. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றார் மாமியார். சனிக்கிழமை அண்ணனுக்கு ஷிப்ட். ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும் என்று பரபரத்து மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்தோம். இரண்டும் இருபது நிமிடம் பின்னுக்குப் பின் ஒட்டிக்கொண்டு நின்றன. ஆண்கள் நாங்கள் மாமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தோம். "லாக் ஆயிருச்சு, இனி கவலையில்ல" என்றார் அண்ணன். மறுநாள் போன் போட்டார். 63 நாள் என்றால் சித்திரை வந்துவிடுகிறதாம். சித்திரையில் பிறந்தால் அப்பனுக்கு ஆகாதே, டைகருக்கு ஏதாவது வந்துவிடுமா?

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ரத்தம் வந்த நாளா, நீங்க பார்த்த நாளா?"

ராணி சுத்தக்காரி. தானே நக்கிக்கொள்வாள். நாலைந்து நாள் எங்கள் கண்ணில் படாமலே போயிருக்கும். ஆக அந்த ஞாயிறு எங்கள் கணக்கில் 16ம் நாள், அவளுக்கு 20, 21. நாயின் முட்டை வெளியே வரும்போது காய்தான். பழுக்க இரண்டு மூன்று நாள், பழுத்தபின் ஆயுள் இன்னொரு இரண்டு மூன்று நாள். ஆணின் விந்து உள்ளே போய் ஒரு வாரம்கூடக் காத்துக் கிடக்கும். சற்று முன்னால் போனவனுக்குப் பழுதில்லை. பின்னால் போனவனுக்குப் பந்தி முடிந்திருக்கும். பெட்டை அதற்குப் பிறகும் சில நாள் ஆணைச் சேர்த்துக்கொள்ளும் என்பதால்தான் ஏமாறுகிறோம். மலடு என்று பெயர் வாங்கும் நாய்களில் பெரும்பாலானவை தேதி தப்பியவைதானாம். 11ம் நாள் சூத்திரமும் பொதுவிதி இல்லை. சிலதுக்கு ஏழாம் நாளே கருமுட்டை வந்துவிடும், சிலதுக்கு மூன்று வாரம்கூட ஆகும். அடுத்த தடவை ஐந்தாறாம் நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தத்தில் புரோஜெஸ்டரோன் ஹார்மோன் பார்க்கவேண்டும். மில்லிக்கு 5 நானோகிராம் அளவைத் தொட்டால் முட்டை வந்துவிட்டது என்று அர்த்தம். பஞ்சாங்கத்தில் இல்லாத முகூர்த்தம்.

"புருசெல்லாவும் பார்த்திடுவோம்" என்று ரத்தம் எடுத்தார். நாய்களுக்கு வரும் புருசெல்லா, 1966ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்மைக்கேல் என்பவர் பீகிள் நாய்களிடம் கண்டுபிடித்த கிருமி. கருவைக் கலைக்கும், ஆணையும் கெடுக்கும், மனிதருக்கும் தொற்றும். ராணிக்கு அது இல்லை. "ஆண் நாய்க்கு விந்துப் பரிசோதனை செஞ்சாங்களா?" என்றும் கேட்டார். கடும் காய்ச்சல் ஒன்று வந்து போனாலே இரண்டு மாதத்துக்கு விந்து தேறாதாம். இதை அண்ணனிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். "என் டைகரையா? எத்தனை பேருக்கு அப்பன் தெரியுமா?" என்று போனை வைத்தவர்தான், இன்னும் எடுக்கவில்லை.

பால் எப்படி வந்தது என்று மாமியார் விடவில்லை. கரு நின்றாலும் நிற்காவிட்டாலும் நாயின் உடம்பு இரண்டு மாதம் ஒரே கணக்கில்தான் ஓடுமாம். கடைசியில் ஹார்மோன் இறங்கும்போது சிலதுக்குப் பால் கட்டும், தாய்மையும் பொங்கும். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும் என்றார் டாக்டர்.

அடுத்த ஹீட் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். புரட்டாசி என்றைக்குப் பிறக்கிறது என்று மாமியார் இப்போதே நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

தாமான்வாசிகளுக்கு ஒரு வார்த்தை: ராணி ஸ்டோருக்குள் ஆறு செருப்புகளை வரிசையாகப் படுக்கவைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் இடதுகால். உங்களுடையது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து வரவும்.