வெள்ளை வேட்டியும் வேட்பாளரும்

கேள்வி: ‘பேலட்’, ‘வோட்’ என்கிறார்களே, இந்த ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன?
– ஒரு வாசகர், உத்திரமேரூர்

பதில்: குடவோலை ஊரிலிருந்து இப்படியொரு கேள்வியா!

‘பேலட்’ இத்தாலியிலிருந்து வந்தது. சின்ன உருண்டை என்று பொருள். வெனிஸ் நகரத்தார் உருண்டைகளைப் பெட்டியில் போட்டுத் தேர்தல் நடத்தினார்கள். ‘வோட்’டின் லத்தீன் மூலத்துக்கு நேர்த்திக்கடன் என்று பொருள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மொட்டை போடப்படுவது யார் என்று கேட்காதீர்கள். ‘கேண்டிடேட்’ என்றால் வெள்ளை உடுத்தியவர். பழைய ரோமில் பதவிக்கு நின்றவர்கள் அங்கியில் வெள்ளைப் பொடி பூசிப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டு ஆதரவு கேட்டார்கள். நம்மவர்களின் வெள்ளை வேட்டிக்கு அத்தனை வயது!

உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் படியுங்கள். ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். சரியாகச் சொன்னால் அது ஓட்டு அல்ல, குலுக்கல். அதுவும் நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும். ஆனால் ஒரு விதி அபாரம்: பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினர்களுக்கும் இடமில்லை.

அதை இன்று அமலாக்கினால், குடம் காலியாகத்தான் இருக்கும்.