பரண்மேல் ஒரு கண்

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலும், தி.நகரில் இன்னும் இடிபடாத தனி வீடுகளிலும், அடையாறு காந்தி நகரிலும் தேடினால் பொம்மை மாமா ஒருவராவது அகப்படுவார். வயது எழுபதுக்கு மேல். வங்கி பென்ஷன். ஹாலில் பூட்டிய கண்ணாடி பீரோ. உள்ளே தகர ரயில், சாவி கொடுத்தால் டமாரம் தட்டும் கரடி, திரி ஏற்றினால் படபடவென்று தண்ணீரில் ஓடும் தகரப் படகு, வரிசையாகக் கார்கள். பீரோ சாவி பூணூலில் தொங்கும். பேரன் தொட்டதில்லை, பேரனின் அப்பாவும் தொட்டதில்லை.

அவருக்குச் சரித்திரம் இரண்டே பகுதி: மூர் மார்க்கெட் எரிவதற்கு முன், எரிந்த பின். 1985 மே 30-ஐப் பற்றி மட்டும் அவரிடம் வாயெடுத்துவிடாதீர்கள். அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு கிடையாது.

சென்ட்ரல் பக்கத்திலிருந்த அந்த மார்க்கெட்டில் வாங்குவதற்கென்று ஒரு சாஸ்திரம் இருந்தது. வேண்டிய பொருளின் விலையைக் கேட்கவே கூடாது. ஓடாத கடிகாரம் ஒன்றைக் கையில் எடுத்து, கால் மணி நேரம் அதைத் திட்ட வேண்டும். கிளம்புகிற மாதிரி கிளம்பி, கீழே கிடக்கும் காரைச் செருப்பு நுனியால் தள்ளி, "இந்த ஓட்டை வண்டியையும் சேர்த்துப் போட்டுக் கொடேம்ப்பா, குழந்தைக்காச்சு" என்று சொல்ல வேண்டும்.

கடைக்காரர் அதற்கும் மேலே.

"இன்னா சாரே, கை கடியாரத்து மேல, கண்ணு காரு மேல?"

அப்படி வாங்கியதுதான் பீரோவின் நடுநாயகமான நிக்கி ஜாகுவார். லிவர்பூலில் டிங்கி கார்களை வார்த்துத் தீர்த்த பழைய அச்சுகள், 1960களின் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்து, டிங்கி என்ற பெயர் நிக்கியாகி, நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கார் வார்த்தன. மாமா காரைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியால் அடிப்பாகத்தைக் காட்டிவிட்டுத்தான் உங்களை விடுவார். அதற்குள் காபி ஆறி ஏடு கட்டியிருக்கும். வாங்கிய விலையை மனைவியிடம் பாதியாகச் சொல்வார், அடையாறு நண்பரிடம் கால்வாசியாக. முன்னது பயம், பின்னது பெருமை.

அந்த நண்பரோடு அப்போதெல்லாம் தகவல் தொடர்பு பதினைந்து பைசா போஸ்ட் கார்டில். தபால்காரர் படித்துவிடுவாரே என்று சங்கேத மொழி வேறு: "பர்மா பஜாரில் மாமி சௌக்கியம், உடனே வரவும்." மாமி என்றால் ஜப்பான் பொம்மை. ஒருமுறை கார்டு நிஜ மாமி கையில் கிடைத்து, விஷயம் வீட்டளவில் பெரிதானது.

தி.நகர் பங்களாக்கள் ஒவ்வொன்றாக அடுக்ககமாகத் தொடங்கியதும் மாமாவுக்கு இரங்கல் செய்திகளில் பக்தி வந்துவிட்டது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பரணை அண்ணாந்து பார்ப்பார். பழைய பேப்பர்க்காரருக்கு மாதாந்தரக் கமிஷன்.

நவராத்திரி வந்தால்தான் அவருக்குக் கண்டம். படிக்குக் கீழே மாமி கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடியைக் குளமாக்கி பார்க் போடுவாள். "ரோட்டுல நாலு காரை விட்டா என்ன, தேஞ்சா போயிடும்?" தேய்ந்துதான் போகும் என்பது மாமாவின் கட்சி. கடைசியில் பிளாஸ்டிக் அம்பாசிடர் மட்டும் வெளியே வரும். அதற்கும் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல். சுண்டல் வாங்க வந்த வாண்டு ஒன்று கை நீட்டினால், வக்கீல் நோட்டீஸ் விடுகிற குரலில், "கண்ணா, பாட்டுப் பாடிட்டுப் போ."

போன மாதம் பெங்களூர்ப் பேரன் அதே ஜாகுவாரை, அதே நிறத்தில், இணையத்தில் பிடித்துத் தாத்தா விலாசத்துக்கு அனுப்பிவிட்டான். படுத்துக்கொண்டே வாங்கினானாம். மழையில்லை, பல்லவன் பஸ்ஸில்லை, பேரமில்லை. மாமா பார்சலைக் கையில் வாங்கிக்கொண்டு கூரியர் பையனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெட்டி ஓரம் நசுங்கியிருக்கேப்பா. போட்டுக் குடு, அம்பது குறைச்சுக்கோ."

"பணம் கட்டியாச்சு சார். ஓடிபி மட்டும் சொல்லுங்க."

"சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். முப்பது!"