நெய்தல் நிலத்தில் இறுவட்டு: புத்தளக் கரையோர வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

நெய்தலுக்குரிய கருப்பொருள்களை வகுத்த பழையவர்கள் உப்பைச் சொன்னார்கள், மீனைச் சொன்னார்கள், புன்னையையும் தாழையையும் சொன்னார்கள். இறுவட்டைச் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் கற்பிட்டியில் சீடிக்கடை திறக்கப்படாதது காரணமாகலாம். அக்குறையை நிரப்ப இக்கட்டுரை முற்படுகிறது. ஆய்வுக் களம் உடப்பில் தொடங்கி, முந்தல், பாலாவி, புத்தளம் நகர் என்று வளர்ந்து, களப்பைச் சுற்றிக்கொண்டு கற்பிட்டியில் முடிகிறது. வினா ஒன்றே: வீட்டில் படம் பார்க்க வீடியோ சீடியா, டீவீடியா, புளூ-ரேயா? எதைப் போட்டாலும் ஓட்டும் பிளேயர் எது என்பதை அதன் கிளை வினாவாகக் கொள்க.

டெக் காலம் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. பூஞ்சை பிடித்த கசெட்டும், டீவியோடு சேர்த்து ஓரிரவுக்கு வாடகைக்கு வந்த டெக்கும் பெரும்பொருள். மூத்தோர் எவராவது எடுத்துக்கொள்ளட்டும்.

மேல்நாட்டார் இவ்வினாவுக்குப் படத்தின் தெளிவை வைத்து விடை சொல்லிவிட்டார்கள். அவர்களில் எவரும் புத்தளம் உப்பளத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருந்ததாகத் தெரியவில்லை. இங்கே முதலில் கேட்க வேண்டியது, தட்டு கடற்காற்றைத் தாங்குமா என்பதே.

சீடியின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர். படம் பளபளக்கும் அடிப்பக்கத்தில் இருக்கிறதென்று நம்பி எல்லோரும் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்துகிறார்கள். உண்மையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் அலுமினியப் பூச்சு மேற்பக்கத்தில், நடிகரின் முகம் அச்சான இடத்துக்கு நேர் கீழே, மெல்லிய அரக்கொன்றின் காவலில் கிடக்கிறது. அந்த முகத்தில் சாவியால் ஒரு கீறல் விழுந்தால் போதும்; மிச்சத்தை உப்புக்காற்று பார்த்துக்கொள்ளும். டீவீடியைச் செய்தவர்கள் விபரமானவர்கள். 0.6 மில்லிமீற்றர் தட்டுகள் இரண்டை ஒட்டி, அலுமினியத்தை நடுவில் வைத்துவிட்டார்கள். புளூ-ரேயிலோ பதிவு அடிப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீற்றர் உள்ளே இருக்கிறது. அதன்மேல் இறுகிய பூச்சொன்று உண்டுதான். ஆனாலும் எங்கள் பக்கம் தட்டுத் துடைக்கும் முறையை அறிந்தவர்கள் அந்தத் துணிச்சலை வியக்காமல் இருக்க முடியாது.

அம்முறையாவது: வாயால் ஓர் ஊது, பிறகு சாரன் நுனியால் வட்டமாக நாலு சுற்று. ஆய்வாளர் இதைக் கண்டிக்கக் கடமைப்பட்டவர். பதிவு நடுவிலிருந்து வெளியே சுருளாக ஓடுகிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் மயிரளவே மறைக்கும். பதிவின் போக்கிலேயே 2.5 மில்லிமீற்றர் வரை அழிந்தாலும் கணக்குப் போட்டு மீட்டெடுக்கும் ஏற்பாடு சீடியில் இருக்கிறது. சாரன் போடும் கீறல் பதிவோடு கூடவே ஓடுவதால் எந்தக் கணக்குக்கும் அடங்காது. ஆகவே நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். ஆலங்குடாவில் ஒரு மாமியிடம் இதை விளக்கினேன். "கோப்பயும் அப்பிடித்தான் களுவுவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

1993-இல் வீடியோ சீடிக்கு இலக்கணம் வகுத்தவர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். கணினிச் சீடியில் பிழைதிருத்தத்துக்கென்று ஒதுக்கியிருந்த இரண்டாம் காவலை எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் படத்தை நிரப்பினார்கள். கதாநாயகியின் முகம் சதுரஞ்சதுரமாகப் பெயர்ந்து வில்லனின் தோளில் ஒட்டிக்கொள்வது இதன் விளைவு. இவ்வளவு சிக்கனம் பிடித்தும் ஒரு தட்டு 74 நிமிடந்தான் கொண்டது. இரண்டு தட்டு, 148 நிமிடம். தமிழ்ப் படம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் என்பதைக் கவனிக்க. முதல் தட்டு முடியும் இடம் இடைவேளைக்குப் பக்கத்தில் வந்து விழும், தேத்தண்ணி ஊற்றப்படும், பிள்ளைகள் கொல்லைப்பக்கம் போய்வருவார்கள், அழுதவர்கள் முகம் கழுவுவார்கள். டீவீடி வந்து இந்த ஒழுங்கைக் கெடுத்தது. வெளியே போனவருக்காகப் படத்தை நிறுத்துவதா வேண்டாமா என்ற குடும்பச் சண்டை டீவீடிக்குப் பிற்பட்டது என்பது என் துணிபு.

நீண்ட படங்களே வீடியோ சீடியின் சோதனை. 1999-இல் வந்த 'படையப்பா' மூன்று மணி நேரம் ஓடும். இரண்டு தட்டு நிரம்பி, அரை மணி நேரக் கதை மூன்றாவதுக்குப் போகும். மூன்று தட்டுள்ள கூட்டில் மூன்றாவது காணாமற்போவது இயற்கை விதி. கடைக்காரர் முந்திய வீட்டைக் கைகாட்டுவார், முந்திய வீடு அதற்கு முந்தியதை. அத்தட்டு வந்து சேராத வீடுகளில் நீலாம்பரி இன்றும் உயிரோடு பழிவாங்கக் காத்திருக்கிறாள்.

1996-இல் யப்பானில் விற்பனைக்கு வந்த டீவீடி 4.7 கிகாபைட் கொண்டது; முழுப்படமும் ஒரே தட்டில் அடங்கும். ஆனால் உலகத்தை வலயங்களாகக் கூறுபோட்டு, ஒன்றின் தட்டு மற்றதில் ஓடாதபடி பூட்டும் வழக்கத்தையும் அதுவே கொண்டுவந்தது. இலங்கை 5. சவூதியில் இருக்கும் மச்சான் 2. கனடாவில் இருக்கும் சித்தப்பா 1. விமானத்துக்கும் கப்பலுக்குமென்று 8 என்று ஒரு வலயம் தனியே உண்டு. கற்பிட்டியிலிருந்து போகும் பலநாள் படகு 5-ஐச் சேர்ந்ததா 8-ஐச் சேர்ந்ததா என்று வகுத்தவர்கள் சொல்லவில்லை. கரை தெரியும்வரை 5, மறைந்தபின் 8 என்று கொள்வதே முறை. கள்ளத்தட்டு எவ்வலயத்துக்கும் கட்டுப்படாது என்பதால் நடைமுறையில் இவ்விவாதம் எழவில்லை.

புளூ-ரே 2006-இல் வந்தது. 2008-இல் தொஷிபா தன் எச்டி டீவீடியைக் கைவிட்டதும் போட்டியில் வென்றது. அவ்வெற்றியின் செய்தி 21 அங்குலப் பெட்டி டீவியும் மஞ்சள் சிவப்பு வெள்ளை வயருமாக இருந்த எங்கள் வீடுகளை எட்டவில்லை.

இனிப் பிளேயர். பெயர்பெற்ற கம்பெனிச் சாமான் நல்ல தட்டை அழகாகக் காட்டும். கடையில் அடித்த பிரதியைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெயர் தெரியாத சீனத்துப் பெட்டி எதையும் விழுங்கும். புத்தளத்துத் திருத்துநர் ஒருவர் மூடியைக் கழற்றி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் லென்சைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "கடக்காத்து தம்பி. வெல கூடினதும் ஒண்டுதான், கொறஞ்சதும் ஒண்டுதான். லென்ச தின்னுடும். கொறஞ்சத வாங்கினா அளுக தேவயில்ல." இத்துறையில் நான் கண்ட ஆகச் சுருக்கமான உரை இது.

கரண்டையும் சொல்லியாக வேண்டும். நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாட். புகைபோக்கியை ஆய்வுக் களத்தின் பாதி வீடுகளிலிருந்து பார்க்கலாம். மின்வெட்டையும் அதே வீடுகளிலிருந்து பார்க்கலாம். கரண்ட் போனால் தட்டு பிளேயருக்குள் சிறைப்பட்டுவிடும். நாளை காலை திருப்பிக் கொடுக்க வேண்டிய தட்டு இப்படி உள்ளே இருந்தால் இரண்டாம் நாள் வாடகை யார் தலையில் என்பதில் கடைக்காரரும் வீட்டுக்காரரும் இன்றுவரை உடன்படவில்லை.

இப்போது எல்லோரும் பெட்டியின் முன்பக்கத் துளையில் பென்டிரைவைக் குத்துகிறார்கள். அதுவும் கைத்தொலைபேசி இல்லாதபோது. தட்டுகள் கருவாட்டு வாடிக்குப் போய்விட்டன. தங்கூசியில் கட்டிக் காகம் விரட்டத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடற்காற்றைத் தாங்குவது டீவீடியே என்ற என் முடிபுக்குக் கடைசிச் சான்று அங்கேதான் கிடைத்தது. வீடியோ சீடியில் முதலில் நடிகர் முகம் உரிந்தது. பிறகு அலுமினியம் செதில்செதிலாகக் கொட்டி, வெறும் கண்ணாடி வட்டம் மிஞ்சியது. பக்கத்தில் தொங்கிய டீவீடி பளபளப்புக் குறையாமல் சுழன்றுகொண்டிருந்தது. காகம் இரண்டையும் பொருட்படுத்தாமல் சாளைக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது என்பது பறவையியலாருக்குரிய விடயம்.